தக்காளித் தண்ணீரில் ஏறும் முள்

ஓசூரில் இறங்கியதும் முதலில் சாப்பிட்டது களி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டிக் கடை. ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. கடைக்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருங்க?"

"மஸ்கட்டுல இருந்து வர்றன்."

"அதான் பாத்தன். களிய யாராவது மெல்லுவாங்களா? முழுங்குங்க."

மறந்து போயிருந்தது. ஊருக்கு வந்து இரண்டு வருஷம். அங்கே எப்போதும் குப்பூஸ் ரொட்டி. மென்று மென்று தாடை அதற்குப் பழகிவிட்டது. அடுத்த உருண்டையைக் குழம்பில் புரட்டி முழுங்கினேன். சூடாக நெஞ்சில் இறங்கியது.

வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி அமுதா எடுத்தாள்.

"இறங்கிட்டீங்களா?"

"ஓசூர்ல இருக்கன்."

"சாப்டீங்களா?"

"களி."

"ஊருக்கு வந்து மொதக் களி கடையிலயா?" என்றாள்.

நான் கல்லாவிக்காரன். ஓசூரில் ஏறினால் இரண்டு பஸ்தான். ஆனால் வந்தது லீவில் இல்லை. மஸ்கட்டில் ஒரு லேபர் கேம்ப்பின் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். காற்று ஊதி ஊதித்தான் அந்தத் தண்ணீரைத் தெளிய வைக்கிறோம். கரண்ட் பில்லைப் பார்த்தால் மேனேஜருக்கு வியர்க்கும். ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனி தண்ணீரையும் தெளிய வைத்துக் கரண்டும் தருகிற தொட்டி செய்திருப்பதாக அவர் கேள்விப்பட்டார். "உன் பக்கத்து ஊர்தானே, போய்க் கூட இருந்து பார்த்துவிட்டு வா" என்றார். கையில் கொஞ்ச நாள்தான். சொந்த மாவட்டத்துக்கு வேலையாக வருவது ஒரு மாதிரி இருந்தது. போர்டில் எழுதியிருக்கிற ஊரெல்லாம் தெரிந்த ஊர். எதிலும் இறங்க முடியாது.

சிப்காட் பக்கம் இருந்து ஸ்டெல்லா மேடம் பிக்கப் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டார். தொட்டியைச் செய்தது அவருடைய பட்டறைதான். ஓசூர்ப் பெண். அவரே ஓட்டினார். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை ஆடிக்கொண்டிருந்தது. சூளகிரி ஏற்றத்தில் லாரிகள் நின்றுவிட்டன. ஒரு லாரி தக்காளிக் கூடைகளைக் கொட்டியிருந்தது. ஜனங்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மஸ்கட் ரோட்டில் ஒரு காகிதம் கிடந்தாலே அபராதம். இங்கே டிரைவரே பை பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டி நின்ற நேரத்தில் மேடம் தொட்டியைப் பற்றிச் சொன்னார்.

"நாம திங்கறோம் இல்லண்ணா, அதுல இருக்கற சக்தி போக மிச்சத்தக் கடைசியா மூச்சுக் காத்துக்கிட்ட தள்றோம். இந்தக் கிருமிக்குக் காத்து கிடையாது. தகடுதான் காத்து. தக்காளி கழுவின தண்ணியில இருக்கற சர்க்கரையத் தின்னுட்டு மிச்சத்தத் தகட்டுக்குத் தள்ளிடும். அதுதான் கரண்ட்."

"நாங்க அங்க ஊதறோமே."

"ஊதினா இங்க வேலை கெட்டுச்சு. மூடிய எடுத்தாக்கூட ஒத்துக்காது."

எனக்குப் புரிந்த வரையில் புரிந்தது.

பழக்கூழ் பேக்டரி காவேரிப்பட்டினம் பக்கம். மாங்காய் முடிந்து, கொய்யாவும் தக்காளியும் ஓடுகிற காலம். கேட்டுக்குள் நுழைந்ததும் இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. பின்பக்கம், பாய்லருக்குப் பக்கத்தில் தொட்டி. ஒரு மினி பஸ் நீளம், இரும்பு மூடி. உள்ளே பென்சில் கரியில் செய்த தகடுகள், வரிசையாகக் கம்பியில் தொங்குகின்றன. பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி, இறுக்கி ஒட்டியது. பெரிய தொட்டியின் கரண்டும் பாய்லர் புகையும் அதற்குள் போகும். அதில் இருக்கிற வேறு கிருமிகள் அதைத் தின்று வினிகர் செய்யும் என்றார் மேடம். ஒரு குழாயைத் திறந்து காட்டினார். உண்மைதான். ஊறுகாய்க் கடை வாசனை.

சுவரில் ஒரு மீட்டர், முள் வைத்தது. முக்கால் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் முனியப்பா. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஊர். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, வேலையில் தமிழ். யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு "ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாச்சா என்று கேட்பது. ராகி போட்டிருந்தாராம். அறுக்கிற சமயம் யானை இறங்கி மிதித்துவிட்டது. அதனால் இங்கே வந்துவிட்டார்.

"யானையும் தின்னுச்சு, இந்தக் கிருமியும் திங்குது" என்றார். "இதாவது கரண்ட் விடுது. நானும் வேளைக்கு மூணு உருண்டை திங்கறன். ஒரு பல்பு எரியுதா சொல்லுங்க."

மேடம் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாளில் இருந்து காலையிலும் சாயங்காலமும் முனியப்பாவோடு சேர்ந்து தொட்டிக்குத் தண்ணீர் விட்டேன். ரொம்பப் புளித்த தண்ணீர் ஆகாது. கொதிக்கிற தண்ணீர் ஆகாது. நிதானமாக விடவேண்டும். விட்ட கொஞ்ச நேரத்தில் முள் மெல்ல நகரும். மஸ்கட்டில் என் தொட்டிகள் எந்நேரமும் கத்தும். மோட்டார், ஊதுகுழல், காதில் பஞ்சு. இது சத்தமே போடவில்லை. பக்கத்தில் நின்றால் முனியப்பா வெற்றிலை மெல்லுவது கேட்கும்.

முதலாளி ஒரு நாள் வந்தார். தெலுங்குக்காரர், வெள்ளைச் சட்டை. முள்ளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆயுத பூஜை முடிஞ்சு திங்கக்கெழமை பார்ட்னருங்க வர்றாங்க. முள்ளு கோட்டுக்கு மேல நிக்கட்டும். இன்னும் நாலு தொட்டி போட்டுடலாம். தொட்டிங்களப் பாத்துக்க வெளிநாட்டுல வேலை செஞ்ச ஆள் ஒருத்தரையும் போட்டுக்கலாம். குடும்பத்தோட இருக்க வீடு தர்றன்."

அவர் போன பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே இருங்களேண்ணா. எதுக்கு மஸ்கட்டு?"

நான் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினேன். பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு விருந்தாளி மாதிரி வந்து போனவன். இரண்டு பஸ் தூரத்தில் வேலை, வீடு என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அமுதாவிடம் சொன்னேன். அவள் நிறையக் கேட்பாள் என்று நினைத்தேன். ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த முள்ளு இப்ப எங்க நிக்குது?"

"கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ."

அதற்குப் பிறகு தினமும் அதைத்தான் கேட்டாள். எப்போது வருவீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டாள். நான் சொல்வேன். ஒரு விரற்கடை. அரை விரற்கடை. பூஜைக்கு முந்தின நாள் காலையில் முள் கோட்டைத் தொட்டது. முனியப்பா மீட்டருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

அன்று மதியமே வேலை நின்றது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, "ஒண்ணையும் விடாதீங்க, எல்லா மிசினும் பளிச்சுன்னு இருக்கணும்" என்றார். மேடம் தன் பட்டறைப் பூஜைக்கு ஓசூர் போய்விட்டார். நான் முனியப்பாவிடம், "தண்ணி மட்டும் விடு. நாளைக்கு வந்துர்றன்" என்றேன்.

"போய்ட்டு வாங்க மஸ்கட்டண்ணா. அக்காவக் கேட்டன்னு சொல்லுங்க. தொட்டிய நான் பாத்துக்கறன்."

பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஊருக்குப் போகிற நாள். மடியில் பொரி மூட்டை, தலைக்கு மேல் வாழைக்கன்று. வாழை இலை ஒன்று என் கழுத்தைக் கீறிக்கொண்டே வந்தது. எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "பூ விலையைக் கேட்டியா? மெஷினுக்குப் போடுகிறதை என் தலைக்கு வாங்கித் தந்திருந்தால் நான் இன்னும் வேகமாக ஓடுவேன்." மற்றவள் சொன்னாள்: "மெஷின் நின்றுவிடும், நீ நிற்கவே மாட்டாயே, அதனால்தான் உனக்குப் பூ இல்லை."

கல்லாவியில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அமுதா வாசலில் இருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். நான் நரைத்திருப்பதைப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

களி கிண்டி வைத்திருந்தாள். முழுங்கினேன்.

"கடைக் களி மாதிரி இருக்கா?"

"இல்ல."

"பின்ன எப்படி இருக்கு?"

"களி மாதிரி இருக்கு."

"இந்தப் பேச்சக் கேக்கறதுக்குத்தான் நான் கல்லாவியில இருக்கன்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு உருண்டை வைத்தாள்.

அவள் ரவிக்கை தைக்கிறவள். சாப்பிட்டதும் தையல் மிஷினைத் துடைக்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காவேரிப்பட்டினத்தில் வீடு கிடைத்தால் மிஷினை எந்த ஜன்னல் பக்கம் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தாள். வீட்டை நான் பார்க்கக்கூட இல்லை. அவள் ஜன்னல் வரைக்கும் போய்விட்டாள். பேசிக்கொண்டே சக்கரத்துக்கு அடியில் இருந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் வழித்தாள். கறுப்பாக, வழவழவென்று வந்தது. நாரை வைத்துத் தேய்த்தாள். இரும்பு பளிச்சென்று ஆனது.

அந்தப் பிசுக்கைப் பார்த்ததும் எனக்குத் தொட்டித் தகடுகள் ஞாபகம் வந்தது. எழுந்து முனியப்பாவுக்குப் போன் போட்டேன்.

பின்னால் மேளம். "அண்ணா! ஊட்டா ஆய்த்தா?"

"முனியப்பா, தொட்டிய என்ன செஞ்ச?"

"உங்க தொட்டிய விடுவனாண்ணா? ஆய்த்து. தகட்டையெல்லாம் எடுத்து, சோப்புத் தண்ணி போட்டு, தேங்கா நார் வச்சுத் தேச்சுட்டன். சேறு மாதிரி ஒட்டிக்கெடந்துச்சு, எல்லாம் போயிடுச்சு. சிலேட்டு மாதிரி மின்னுது. சாமி பாக்கறப்ப அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்? உங்களுக்கு இந்த வேலை கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டே தேச்சன்."

அமுதாவின் கையில் இருந்த துணியைப் பார்த்தேன்.

"அண்ணா? கேக்குதா?"

"அந்தச் சேறுதான் கிருமி, முனியப்பா."

"கிருமி தண்ணியில இல்லையா இருக்கு?" என்றார். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது.

அவரைத் திட்ட எனக்கு வரவில்லை. தொட்டியைப் பற்றி எத்தனையோ பேசினோம். அந்தச் சேற்றைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அமுதா துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சொன்னேன். துடைத்த மிஷினுக்கு அவள் அன்று பொட்டு வைக்கவில்லை. காலையில்தான் வைத்தாள்.

விடிந்ததும் கிளம்பினேன். பஸ் இருந்தது, போகவில்லை. கழுவி நிறுத்தியிருந்தார்கள். ஹெட்லைட்டுக்குச் சந்தனம், முன்னால் வாழைக்கன்று. டிரைவர் ஸ்டியரிங்குக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் தயார்.

"எப்ப எடுப்பீங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"பூசணிக்கா ஒடைக்கற ஐயா இன்னும் குளிச்சுட்டு வரல. பொரி சாப்பிடுங்க."

கை நிறையப் பொரி கொடுத்தார். தின்றேன். மஸ்கட்டில் பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும். டிரைவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. இரண்டில் எது நல்லது என்று அன்று என்னைக் கேட்டிருக்கக் கூடாது.

பேக்டரிக்குப் போனபோது பூஜை முடிந்திருந்தது. தொட்டிக்குச் செவ்வந்தி மாலை. எல்லாத் தகட்டையும் திரும்பத் தொங்கவிட்டு மூடியிருந்தார்கள். மூடிக்கு மேல் சந்தனம், குங்குமம். மீட்டர் கண்ணாடியில் மூன்று விரல் விபூதிப்பட்டை. பட்டைக்கு அடியில் முள் பூஜ்ஜியத்தில் படுத்திருந்தது.

ராத்திரியே போனில் சொல்லியிருந்ததால் மேடம் எனக்கு முன்னால் வந்திருந்தார். படியில் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. முனியப்பா தூரத்தில், கொய்யாக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போல. தானாகவே வந்தார்.

"மேடம், ஒண்ணு மட்டும் தேய்க்கல. கடைசித் தகடு. போல்ட்டு துரு. எவ்வளவு திருகியும் கழலல. அத அப்படியே வுட்டுட்டன். மன்னிச்சுடுங்க."

மேடம் எழுந்து நின்றார். "அது கறுப்பா இருக்கா?"

"இருக்கு மேடம். நாறுது."

மேடம் சிலுவை போட்டுக்கொண்டார். முனியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

மற்ற தகடுகளைச் சோப்பு போகிற வரைக்கும் நல்ல தண்ணீரில் அலசினோம். கறுப்புத் தகட்டை அசைக்காமல், அவற்றை அதன் பக்கத்தில் நெருக்கித் தொங்கவிட்டோம். முனியப்பா எங்கிருந்தோ புதுச் சாணி கொண்டுவந்தார். அதிலும் இந்த ஜாதிக் கிருமி இருக்கும் என்று மேடம் சொன்னார். கரைத்து ஊற்றி, மூடி போட்டோம். "இனிமே எத்தினி நாள் ஆகும்?" என்று கேட்டேன். "முன்ன வந்தது மாதிரி வரணும்னா மாசக்கணக்கு" என்றார் மேடம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பார்ட்னர்கள் வந்தார்கள். முள் பூஜ்ஜியத்தில் இருந்து ஒரு நூல் எழும்பி நின்றது. அவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கொய்யா ஜூஸ் குடிக்கப் போனார்கள். முதலாளி மட்டும் நின்றார்.

"யாரு தொடைச்சது?"

முனியப்பா தலையைக் குனிந்தார். மேடம்தான் மீட்டரைக் காட்டினார்.

"முள்ளு படுத்திருக்கறப்பவே அது மேல விபூதி வச்சது நீங்கதான் சார்."

முதலாளி பட்டையைப் பார்த்தார். மூன்று விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார், சரியாகப் பொருந்தியது. பிறகு என்னிடம் சொன்னார்: "அடுத்த மாங்கா சீசன் வரைக்கும் பாக்கறன். முள்ளு கோட்டுக்கு மேல நின்னா சொல்லி அனுப்பறன். நீங்கதான் ஆளு. நிக்கலன்னா இரும்பு வெலைக்குப் போட்டுடுவன்."

எனக்கு நாள் முடிந்துவிட்டது. கிளம்புகிற அன்று அமுதா ஓசூர் வரைக்கும் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தத் தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று, "இந்தக் களிதானா?" என்றாள். வாங்கி ஒரு உருண்டை முழுங்கினாள். "உப்பு பத்தல" என்றாள். கடைக்கார அம்மா உப்பு டப்பாவை எங்கள் பக்கம் தள்ளினாள்.

இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். தொட்டிகள் கத்துகின்றன. கேம்ப்பில் இருநூறு பேர் குளிக்கிற தண்ணீர், தின்றுவிட்டுக் கழுவுகிற தண்ணீர் எல்லாம் என்னிடம்தான் வருகிறது. முன்பு அது வெறும் கழிவு. இப்போது வேறு மாதிரி தெரிகிறது. எத்தனை கிருமிக்குப் பசி தீரும் இதில் என்று நினைத்துக்கொள்கிறேன். மேனேஜர் கேட்டார், வாங்கலாமா என்று. நல்ல தொட்டிதான், இன்னும் பழுக்கவில்லை என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

முனியப்பா தினமும் சாயங்காலம் பேசி அனுப்புவார். "அண்ணா, ஊட்டா ஆய்த்தா? முள்ளு கால்வாசி." கொஞ்ச நாள் கழித்து, "அரைவாசிக்கு வந்துச்சுண்ணா. சின்னத் தொட்டியில ஊறுகா வாசன லேசா வருது." அதை அமுதாவுக்குச் சொல்வேன். அவள் "சரி" என்பாள். அன்றைய பேச்சு முடிந்தது.

போன வாரம் முனியப்பா குரல் இழுத்தது. "அண்ணா, இன்னிக்கு முள்ளு கொஞ்சம் எறங்கிடுச்சு. நான் ஒண்ணும் செய்யலண்ணா. சத்தியமா. அக்காவக் கேளுங்க."

அமுதாவுக்குப் போன் போட்டேன்.

"காவேரிப்பட்டினம் போனியா?"

"போனன்."

"மூடியத் தொறந்தியா?"

"அவர் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஒரு நிமிசம் தொறங்கன்னு சொன்னன்."

"காத்து படக்கூடாது அதுக்கு."

"தெரியும். சொன்னாரு."

"தெரிஞ்சுமா?"

"நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு சொல்லப்போறது அது. நான் கண்ணால ஒரு தடவ பாக்க வேணாமா?"

பின்னால் தையல் மிஷின் ஓடவில்லை. எங்கள் தொட்டிச் சத்தம்தான் இந்தப் பக்கம். நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போனேன்.

"பாத்தியா?"

"பாத்தன்."

"எப்படி இருக்கு?"

"கறுப்பா, வழவழன்னு. எல்லாத் தகட்டுலயும் புடிச்சிருக்குங்க" என்றாள். "நல்லா இருக்கு."